மூலத்தில் உள்ளபடி

அச்சகத்தில் அவளுக்குப் புள்ளியக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம்.

அவள் செய்கிற வேலை அப்படி. மாடிப்படிக்குக் கீழே பலகை அடித்துத் தடுத்த ஓர் அறை. ஒரு மேசை, எதிரெதிராக இரண்டு நாற்காலி, தலையில் இடிக்கிற உயரத்தில் ஒரு மின்விசிறி. ஒருவர் வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்த தாளைச் சத்தமாக வாசிக்க வேண்டும். எதிரில் இருப்பவர் புரூஃபோடு, அதாவது அச்சுக்கு முன் எடுக்கும் மாதிரித் தாளோடு, அதை ஒத்துப் பார்த்துப் பிழை திருத்த வேண்டும். வாசிப்பது என்றால் நீங்களும் நானும் வாசிப்பது போல இல்லை. கால்புள்ளி, முற்றுப்புள்ளி, ஆச்சரியக்குறி எல்லாவற்றையும் வாயால் சொல்லியாக வேண்டும். "அன்புடையீர் கால்புள்ளி வணக்கம் முற்றுப்புள்ளி" என்று ஏற்ற இறக்கம் இல்லாமல் போய்க்கொண்டே இருக்கும். கல்யாணப் பத்திரிகைக்கும் அதே குரல், இரங்கல் செய்திக்கும் அதே குரல். இருபத்தாறு வருடம் இப்படி வாசித்தவளைப் புள்ளியக்கா என்று கூப்பிடாமல் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்?

எதிர் நாற்காலி சோடாபுட்டி அண்ணனுடையது. கண்ணாடி அவ்வளவு தடிமன். வாடிக்கையாளர் கொடுக்கும் தாளுக்கு அங்கே 'மூலம்' என்று பெயர். புதிதாகச் சேர்ந்த யாராவது "மூலம் எங்கேண்ணே?" என்று கேட்டால், "அதை டாக்டர்கிட்டதான் காட்டணும்" என்று முகம் மாறாமல் சொல்வார். இந்த ஒரே ஜோக்கை வைத்துக்கொண்டு மனிதர் கால் நூற்றாண்டை ஓட்டிவிட்டார்.

வாசித்து முடித்ததும் புரூஃபின் அடியில் 'மூலத்தில் உள்ளபடி உள்ளது' என்று ஒரு ரப்பர் முத்திரையைக் குத்தி அவள் கையெழுத்துப் போடுவாள். அது விழாமல் எந்தத் தாளும் மெஷினுக்குப் போகாது. முதலாளிக்கு ஒரே ஒரு சட்டம்தான்: எழுத்துப்பிழை நம்முடைய பிழை, கருத்துப்பிழை அவர்களுடைய பிழை. முதல் வகையைத் திருத்து, இரண்டாவதைத் தொடாதே.

அந்தச் சட்டம் அவளுக்கு ரொம்ப வசதியாகப் போய்விட்டது என்றுதான் சொல்ல வேண்டும். எல்லாக் கட்சி நோட்டீஸும் அந்த மேசைக்கு வரும். எல்லா மதத்தாரின் பிரார்த்தனைப் புத்தகமும் வரும். அவள் யார் பக்கம் என்று ஒருவருக்கும் தெரியாது. பஸ் ஓட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் ஒவ்வொரு தேர்தலுக்கும், "இந்தத் தடவை யாருக்குப் போட்ட? எனக்கு மட்டும் சொல்லு" என்று கெஞ்சுவார். "எவன் நோட்டீஸ்ல ஒற்றுப்பிழை கம்மியோ அவனுக்கு" என்பாள். அவர் அதைப் பாதி நம்பினார்.

சாமி விஷயத்திலும் அவள் ஒரு தனி ரகம். காலையில் சாப்பாட்டு டப்பாக்களை மூடி வைத்துவிட்டு, அடுப்படி ஜன்னல் பக்கம் ஐந்து நிமிடம் கண்ணை மூடி நிற்பாள். எதுவும் கேட்கமாட்டாள். முந்தின நாள் நடந்ததை வரிசையாகச் சொல்லுவாள், அவ்வளவுதான். "கேட்டு மனு குடுக்க அவர் என்ன அரசாங்க ஆபீஸா வச்சிருக்கார்?" என்பாள். கடவுள் எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை என்பது அவளுடைய உறுதியான எண்ணம். அதையும் அவள் யாரிடமும் சொன்னதில்லை, பெற்ற பிள்ளை உட்பட.

சொல்லியிருக்க வேண்டும். பிள்ளைக்கு இருபத்து நான்கு வயது, கூரியர் கம்பெனியில் வேலை. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கட்சியில் சேர்ந்தான். நம் சாமிக்கு ஆபத்து, நம் தெருவுக்கு ஆபத்து, எல்லாம் அந்தப் பக்கத்து ஆட்களால் என்று பேசுகிற கட்சி. அப்பாவும் பிள்ளையும் சாப்பிடும்போதே மோதிக்கொள்வார்கள். "ஸ்டாப்ல நிக்கிறவன் எந்த சாமியைக் கும்பிடறான்னு பார்த்தாடா நான் பிரேக் போடறேன்?" என்பார் அவர். "உங்க காலம் வேறப்பா" என்பான் இவன். அவள் குழம்பு ஊற்றுவாள். ஒரு நாள் அவன் பதாகைக்கு வாசகம் எழுதிக்கொண்டு வந்து காட்டினான். 'மாற்றத்தை தருவோம், வந்தவரை விரட்டுவோம்.' அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "மாற்றத்தைக்கு அப்புறம் ஒரு 'த்' விட்டுட்ட" என்றாள். இரண்டாம் பாதியைத் தொடவில்லை. அவன் சந்தோஷமாக எழுதிக்கொண்டு போனான்.

நான்கு மாதத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அவள் புருஷனுக்கு நெஞ்சு வலித்தது. ஆம்புலன்ஸில் அவள்தான் கூடப் போனாள். வண்டி பெரிய சாலைச் சந்திப்புக்கு முன்னால் நின்றுவிட்டது. குறுக்கே ஊர்வலம். முன்னால் நாற்பது வண்டி. சைரனை யாரும் காதில் வாங்கவில்லை, வாங்கவும் முடியாது. ஊர்வலத்தின் முன்னால் போன ஜீப்பில் அவ்வளவு பெரிய ஒலிபெருக்கி. அதில் கோஷம் போட்டுக்கொண்டிருந்தது அவள் பிள்ளை.

பதினோரு நிமிடம் அப்படியே நின்றார்கள். வண்டி நின்ற தெருவில் வேறு மதத்தாரின் பிரார்த்தனைக் கூடம் ஒன்று இருந்தது. அன்றைக்கு அவர்களுக்கு வாராந்தரப் பிரார்த்தனை. சைரன் சத்தம் ஒரே இடத்திலிருந்து கேட்கிறதே என்று வெளியே வந்து பார்த்தவர்கள், முற்றத்தில் நிறுத்தியிருந்த பைக்குகளை எல்லாம் கையால் தூக்கி ஓரமாக வைத்தார்கள். முன் கேட்டையும் பின் கேட்டையும் திறந்துவிட்டார்கள். கூடத்து முற்றத்துக்குள்ளேயே புகுந்து ஆம்புலன்ஸ் அடுத்த சாலைக்குப் போனது. வயதான ஒரு மனிதர் செருப்புகூட இல்லாமல் வண்டிக்கு முன்னால் ஓடி ஓடி வழிகாட்டினார். ஆஸ்பத்திரிக்குப் போய் அரை மணி நேரத்தில் அவள் புருஷன் உயிர் போய்விட்டது.

பிள்ளை அதற்குப் பிறகுதான் வந்தான். கழுத்தில் கட்சித் துண்டு. அந்தத் துண்டையே வாயில் அடைத்துக்கொண்டு அழுதான். அதைப் பார்த்த நிமிடத்தில் அவள் ஒரு முடிவு எடுத்தாள். இது இவனுக்குத் தெரியக்கூடாது.

பத்து நாள் கழித்து உறவுக்காரர்கள் வீட்டில் கூடியிருந்தபோது அவள் கையில் பிரார்த்தனைப் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். "இறைவா கால்புள்ளி எங்களை விட்டுப் பிரிந்தவருக்கு அமைதி தருவாயாக முற்றுப்புள்ளி" என்று அவள் வாசித்தாள். நாத்தனார் சிரிப்பை அடக்கப் புடவைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். தான் என்ன செய்கிறோம் என்று புள்ளியக்காவுக்குத் தெரியவே இல்லை. பிள்ளைதான் வந்து புத்தகத்தை மெதுவாக வாங்கி மீதியை வாசித்தான். அன்று மாலை அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டான்.

"வண்டி அந்தக் கூடத்துத் தெருவுல நின்னுச்சாமே. ஏம்மா அவ்வளவு நேரம் ஆச்சு?"

"கூட்டம்டா" என்றாள்.

ஒரே ஒரு சொல். எந்தக் கூட்டம் என்று அவள் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. பிள்ளையைக் காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு எழுந்து போய் விளக்கைப் போட்டாள்.

இப்போது தேர்தல் வருகிறது. அச்சகத்தில் நோட்டீஸ் வேலை மூச்சுவிட விடவில்லை. அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு முடிந்து அவள் அடுத்த மூலத்தை எடுத்தாள். பார்த்ததுமே கை நின்றது. 'ழ'வின் வால் அடுத்த வரி வரைக்கும் இறங்கியிருந்தது. பிள்ளை ஒன்றாம் வகுப்பு படித்தபோது அந்த வாலைச் சுருக்கச் சொல்லி அவள் எத்தனையோ முறை கையைப் பிடித்து எழுதிக் காட்டியும் அவன் கேட்கவில்லை. அடியில் பேர் இல்லை, கட்சிப் பெயர்தான் இருந்தது.

"படிங்கம்மா" என்றார் சோடாபுட்டி அண்ணன்.

அவள் படித்தாள். "அன்பார்ந்த பொதுமக்களே கால்புள்ளி நான்கு மாதங்களுக்கு முன்பு உயிருக்குப் போராடிய ஒரு பஸ் டிரைவரை ஏற்றி வந்த ஆம்புலன்ஸைப் பிரார்த்தனைக் கூடத்தினர் கூட்டமாக நின்று வழிமறித்தனர் முற்றுப்புள்ளி அந்த உழைப்பாளி இன்று நம்மிடையே இல்லை முற்றுப்புள்ளி வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு அந்தக் கூடத்தின் வாசலில் நியாயம் கேட்போம் முற்றுப்புள்ளி திரண்டு வாரீர் ஆச்சரியக்குறி."

குரல் எங்கும் ஏறவில்லை, இறங்கவில்லை. தொழில் அவளை அப்படிப் பழக்கி வைத்திருந்தது. அண்ணன் பேனாவை மூடினார்.

"ஒரு பிழைகூட இல்லை. இந்தக் கட்சியில இப்படி எழுத ஆள் இருக்கா?" என்றவர், அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "நியாயம் கேக்கறதுன்னா என்னன்னு தெரியும்ல? போன வருஷம் மார்க்கெட்ல கேட்டாங்க. கண்ணாடிக் கடைக்காரருக்கு இன்னும் வலது கை தூக்க வரலை."

அவளுக்குத் தெரியும். அந்தக் கூட்டத்துக்கான நோட்டீஸும் இந்த மேசை வழியாகத்தான் போனது. அதில் இரண்டு ஒற்றுப்பிழை இருந்தது. திருத்திக் கொடுத்தாள்.

முத்திரை மேசையில் இருந்தது. குத்தினால் சாயங்காலம் ஐயாயிரம் பிரதி வெளியே போகும், ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூடத்து வாசலில் கல்லோ கட்டையோ விழும், செருப்பில்லாமல் ஓடிய அந்த மனிதர் அங்கே இருப்பார். குத்தாமல் இருக்க வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணத்தைச் சொன்னால் பிள்ளை உடைந்துபோவான். நான்கு மாதமாகத் தினமும் காலையில் கடவுளிடம் எல்லாவற்றையும் சொல்கிறவள் இதை மட்டும் அவரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள்.

முதலாளி தடுப்புக்கு மேலே தலையை நீட்டினார். "குத்தியாச்சா? ஆளுங்க வெளியில நிக்கிறாங்க."

"ஒரு சந்தேகம் இருக்கு. எழுதினவரை உள்ளே அனுப்புங்க" என்றாள். கையெழுத்துப் புரியாதபோது அப்படிக் கூப்பிடுவது வழக்கம்தான் என்பதால் முதலாளி ஒன்றும் கேட்கவில்லை. அண்ணன் டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்தார். டீ அப்போதுதான் குடித்திருந்தார்.

பிள்ளை குனிந்து உள்ளே வந்தான். மின்விசிறிக்குத் தலையைச் சாய்த்துக்கொண்டு, அண்ணனுடைய நாற்காலியில் உட்கார்ந்தான். "உனக்கு வரும்னு தெரியும்மா. அதான் வேற அச்சகத்துக்குப் போக வேணாம்னேன். அப்பாவுக்காக எழுதினேன்."

"புரூஃபைப் பிடி. நான் படிக்கிறேன், நீ ஒத்துப் பாரு."

அவன் பென்சிலை எடுத்துக்கொண்டான். அவள் மூலத்தை வாசித்தாள். பொதுமக்களே, கால்புள்ளி, நான்கு மாதம், பஸ் டிரைவர், ஆம்புலன்ஸ். "பிரார்த்தனைக் கூடத்தினர் இரண்டு கேட்டையும் திறந்து வழிவிட்டனர் முற்றுப்புள்ளி."

"வழிமறித்தனர்மா."

"வழிவிட்டனர்."

"மூலத்துல அப்படி இல்லையே. நான்தானே எழுதினேன்?" அவன் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "நீதானே சொன்ன. ஏன் லேட்னு கேட்டதுக்குக் கூட்டம்னு சொன்ன. ஞாயித்துக்கிழமை அந்தத் தெருவுல கூடத்துக்காரங்க கூட்டம்தானே? நீ சொன்னதைத்தான் எழுதியிருக்கேன்."

"ஆமா, சொன்னேன். எந்தக் கூட்டம்னு சொல்லலை."

அவன் அவளையே பார்த்தான். இந்த முகத்தை இப்படிப் பார்ப்பது இதுதான் கடைசி என்று அவளுக்குத் தோன்றியது. இன்னும் ஒரு வாக்கியம், அதற்குப் பிறகு இந்த முகத்தில் வேறு ஆள் வந்துவிடுவான். ஆனாலும் சொன்னாள்.

"சந்திப்புல ஊர்வலம் போயிட்டிருந்தது. எங்க வண்டியால தாண்ட முடியலை. முன்னாடி ஒரு ஜீப். அதுல மைக்."

வெளியே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பலகை அதிர்ந்தது. அவன் எந்த ஊர்வலம் என்று கேட்கவில்லை.

"எவ்வளவு நேரம்?"

"பதினோரு நிமிஷம். உங்க அப்பா முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாம வண்டியில இருந்த கடிகாரத்தையே பார்த்துட்டிருந்தேன். அப்புறம் கூடத்துக்காரங்க வந்து அவங்க முற்றத்து வழியா விட்டாங்க."

"அந்தப் பதினோரு நிமிஷம் இருந்திருந்தா அப்பா..."

"தெரியாதுடா. டாக்டர் சொல்லலை. நானும் கேக்கலை. கேட்டா பதில் சொல்லிடுவாரோன்னு பயம்."

அவன் பென்சிலைக் கீழே வைத்தான். "நாலு மாசம். நாலு மாசமா அந்த வாசல்ல போறப்பல்லாம் நான் துப்பிட்டுப் போயிருக்கேன்மா. ஒரு நாள் ஒரு பெரியவர் பார்த்தார். ஒண்ணும் சொல்லலை. உள்ளே போய்த் தண்ணி கொண்டுவந்து ஊத்திக் கழுவினார்." அவன் குரல் உயர்ந்தது. "ஏன் சொல்லலை?"

"உன்னைக் காப்பாத்தறதா நினைச்சேன்."

"நான் கேட்டேன்ல? கேட்டப்ப சொல்லியிருக்கலாம்ல? எது எழுதினாலும் 'த்' விட்டுட்ட, 'க்' விட்டுட்டன்னு சொல்லுவ. இது தப்புன்னு ஒரு தடவையாவது சொல்லியிருக்கியா?"

அவன் கேட்டது நியாயம்தான். அப்பா சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் தனியாக நின்று சண்டை போட்டபோதெல்லாம் அவள் குழம்புக் கரண்டியோடு நடுநிலை வகித்தாள். பெற்றவளுக்கு எதற்கு நடுநிலை? அந்த வெட்கம் அப்போதுதான் அவள் நெஞ்சில் முழுதாக இறங்கியது. அவள் சிவப்புப் பேனாவைத் திறந்து புரூஃபைத் தன் பக்கம் இழுத்தாள். 'வழிமறித்தனர்' என்பதை அடித்தாள். ஓரத்தில் 'வழிவிட்டனர்' என்று எழுதினாள். 'நியாயம் கேட்போம்' என்ற வரியை முழுதாக அடித்தாள். கீழே ஒன்றும் எழுதவில்லை.

"தம்பி, ஆச்சா?" என்று வெளியிலிருந்து கட்சிப் பொறுப்பாளர் கூப்பிட்டார்.

பிள்ளை எழுந்தான். கதவு வரைக்கும் போய், திரும்பாமல் நின்றான்.

"அப்பாவுக்குக் கேட்டுச்சா?"

"என்னது?"

"என் குரல்."

இதை மறைக்கலாம். மறைத்தால் ஒருவருக்கும் ஒரு கேடும் இல்லை. மயக்கத்தில் இருந்தார், ஒன்றும் தெரியாது என்று ஒரு வார்த்தை போதும். வாய்வரைக்கும் வந்த அந்த வார்த்தையை அவள் விழுங்கினாள்.

"கேட்டுச்சு. கண்ணைத் திறந்தார். நம்ம பய குரல்தானேன்னு கேட்டார். ஆமான்னேன்." அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "இந்தக் கத்து கத்தினா தொண்டை கட்டிக்கும், வீட்டுக்கு வந்ததும் வெந்நீர் வச்சுக் குடுன்னார். அதுக்கப்புறம் பேசலை."

அவன் நெற்றியைக் கதவில் வைத்தான். தோள் இரண்டும் குலுங்கின. வாயில் அடைக்க இன்றைக்குத் துண்டு இல்லை. அவள் எழுந்து போய் முதுகில் கையை வைத்தாள். அவன் உதறவில்லை, திரும்பவும் இல்லை.

"என்ன தம்பி, எவ்வளவு நேரம்?" பொறுப்பாளரின் குரல் பக்கத்தில் வந்தது.

பதில் சொல்ல அவன் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. அவள் அவனை மெல்ல ஓரமாக நகர்த்திவிட்டுக் கதவைத் திறந்தாள். பொறுப்பாளரும் முதலாளியும் நின்றிருந்தார்கள். மெஷின் சத்தத்துக்கு மேலே கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"இதுல எழுதியிருக்கறது பொய். அந்த ஆம்புலன்ஸை நிறுத்தினது உங்க ஊர்வலம். நான் உள்ளே இருந்தேன்."